சிலம்பும் பரலும்: குறியீடுகளுக்குப் பொருள் காணும் நெறி

ஒரு பொருள் தன்னைக் காட்டும் அளவில் நில்லாது, தன்னோடு தொடர்புடைய பிறிதொன்றையும் உணர்த்தி நிற்குமாயின், அதனைக் குறியீடு என்கின்றோம். பெயர் புதியது; கருத்து மிகப் பழையது. விழாக் காலங்களில் நம் கல்லூரி வாயில்களில் வைக்கப்படும் நிறைகுடமும் ஒரு குறியீடே. தலைவாழையிலையில் நெல்லைப் பரப்பி, அதன்மேல் நீர் நிரம்பிய குடத்தை இருத்தி, மாவிலை செருகி, முடித்தேங்காய் வைத்து, இருமருங்கும் குத்துவிளக்கேற்றுதல் நம் முன்னோர் கண்ட மரபு.

இதன் பொருள் யாது என்று ஒரு மாணவனை வினாவினால், “மங்களம்” என உடனே விடையிறுப்பான். மங்களத்தை உணர்த்த நீரும் நெல்லும் ஏன் வேண்டும் என்று அடுத்து வினாவினால் வாய் திறவான். நீரும் நெல்லும் நிறைந்த மனையிலிருந்து வந்தவர் எவரும் பசியோடு மீளார் என்னும் உறுதிமொழியை அக்குடம் வாயிலில் நின்று கூறுகின்றது என்று கொள்வதற்கு, அக்குடத்தை ஒருமுறை உற்று நோக்கினாலே போதும். ஆயின், நோக்குவார் யார்? இன்று கொழும்பில் மாவிலை பிளாஸ்டிக்கில் வந்துவிட்டது. குடத்தினுள் நீர் உண்டோ என்று எட்டிப் பார்ப்போரும் அரியர். வெறுங்குடம் ஒன்றை வைத்து அதனை நிறைகுடம் எனக் கூறி அமைந்துவிடுகின்றோம்.

இக்குறை விழா வாயிலோடு நின்றிருக்குமாயின் இக்கட்டுரைக்கு இடமே இராது. இலக்கியம் பயிலும் வகுப்பறையிலும், இசை கேட்கும் மண்டபத்திலும், சமுதாய வாழ்விலும் நாம் குறியீடுகளை இவ்வாறே வெறுங்குடங்களாக்கி வருகின்றோம் என்பதே என் கவலை. பொருளை நோக்காமல் அதன் பொருண்மையை மட்டும் மனப்பாடம் செய்வது கல்வியன்று. அது சில வேளைகளிற் பெருந்தீங்குக்கும் வழிவகுக்கும்.

தொல்காப்பியர் காட்டிய வரிசை

குறியீட்டுக்குப் பொருள் காணும் நெறியை மேனாட்டுத் திறனாய்வாளரிடமிருந்தே நாம் கற்றோம் எனக் கருதுவாருளர். அவர்கள் தொல்காப்பியத்துப் பொருளதிகாரத்தை ஒருகாற் புரட்டிப் பார்ப்பது நன்று. அகத்திணைக்கு முதல், கரு, உரி என மூன்று கூறுகளை வகுத்த ஆசிரியர், அவற்றை வைத்த வரிசையே ஒரு பாடமாகும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்திலே பிறக்கும் மா, மரம், புள், உணவு, தொழில், பறை, யாழ் முதலியன கருப்பொருள். இவற்றின் பின்னரே புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் உரிப்பொருள் வந்து பொருந்துகின்றது. முதலில் மண், அடுத்து மண்ணில் வாழும் பொருள், ஈற்றிலேதான் மனம்.

உள்ளுறை உவமத்தைப் பற்றிக் கூறுமிடத்து ஆசிரியர் இன்னுமொரு வரையறை தருகின்றார். கருப்பொருள்களுள் தெய்வத்தை நீக்கி, எஞ்சியவற்றையே நிலைக்களமாகக் கொண்டு உள்ளுறை பிறக்கும் என்பது அது. தெய்வத்தை நீக்கியது ஏன்? புலவனும் கேட்போனும் ஒருங்கே கண்ணாற் கண்டு சரிபார்க்கத் தக்க பொருள்களின் மேலேதான் மறைபொருளைக் கட்ட வேண்டும் என்று ஆசிரியர் கருதினார் போலும் என என் சிற்றறிவுக்குப் படுகின்றது. மருதநிலத்து எருமை பொய்கையிற் புகுந்து தாமரையை உழக்குகின்றது என்று புலவன் கூறினால், எருமையையும் பொய்கையையும் அறிந்தவனுக்கே பரத்தையிற் பிரிந்த தலைவன் அங்கே தோன்றுவான். எருமையின் இயல்பை அறியாதவனுக்கு உரைநூல் எத்துணை விளக்கினும் அது பிறர் கூறிய செய்தியாகவே நிற்கும்.

இன்று நம் வகுப்பறைகளில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவன் கையிலே ஓர் அட்டவணை இருக்கின்றது. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல் என நிரல்பட எழுதி, அதனை ஒப்புவித்துப் புள்ளியும் பெறுகின்றான். வெள்ளவத்தையில் வாழும் அம்மாணவனது வீட்டிலிருந்து புகையிரதப் பாதையைக் கடந்தால் நெய்தல் நிலம் கிடக்கின்றது. ஞாயிறு கடலினுள்ளே படும் மாலைப் பொழுதை அவன் நாள்தோறும் காணலாம். அலையோசை அவன் படிக்கும் அறையிலும் கேட்கும். அவன் தமையன் ரொறன்ரோவில் இருக்கலாம். தந்தை வளைகுடா நாடொன்றில் உழைத்துக் கொண்டிருக்கலாம். தொலைபேசி மணியை எதிர்நோக்கித் தாய் விழித்திருக்கலாம். இரங்கல் என்பது யாது என்று அறிவதற்கு இப்பிள்ளையினும் தகுதி வாய்ந்தவர் வேறு யாவர்? எனினும், அவன் வீட்டுக்கும் அவன் கையிலுள்ள அட்டவணைக்குமிடையே ஒரு பாலம் இடுவார் இல்லை. கடலைக் காட்டாமலே நெய்தலைக் கற்பிக்கின்றோம்.

இரண்டு பிழைகளின் காப்பியம்

பொருள் கோடலிற் பிழை நேரின் என்ன விளையும் என்பதைச் சிலப்பதிகாரத்தினும் தெளிவாகக் காட்டிய நூல் தமிழில் வேறில்லை. அக்காப்பியத்தின் கதையோட்டத்தைத் திருப்பும் திருப்பங்கள் இரண்டும் குறிப்பைத் தவறாக உணர்ந்தமையால் நேர்ந்தவை.

முதலாவது இசையால் நேர்ந்தது. இந்திரவிழாவின் இறுதியிலே புகார்க் கடற்கரையில் மாதவி யாழைச் செவ்வி பார்த்துக் கோவலன் கையிற் கொடுக்கின்றாள். அவன் காவிரியையும் கானலையும் பொருளாகக் கொண்டு பாடுகின்றான். அப்பாட்டிலே வேறொருத்தி மீது அவன் கொண்ட விருப்பம் மறைந்திருப்பதாக மாதவி எண்ணுகின்றாள். ஊடலினால் அவளும் வேறு குறிப்புடையாள் போலப் பாடுகின்றாள். அதனை அவன் மெய்யெனவே கொண்டு எழுந்து செல்கின்றான். பாடியவர் இருவரும் இசை வல்லவர். கேட்டவர் இருவரும் நுண்ணறிவினர். எனினும், “நீ கருதியது யாது?” என்னும் ஒரு வினாவை ஒருவரும் மற்றவரிடம் கேட்டிலர். அவ்வினா எழாமையால் ஒரு குடும்பம் மதுரைக்குப் புறப்பட்டது.

இரண்டாவது சிலம்பினால் நேர்ந்தது. அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன், கோவலன் கையிலிருந்த சிலம்பே களவுபோன சிலம்பு என அரசனிடம் கூறுகின்றான். புறத்தோற்றத்தில் இரண்டும் ஒத்திருந்தன. அரசன் சிலம்பை ஆராய்ந்திலன். சிலம்புக்குப் பிறனொருவன் கூறிய பொருளையே ஏற்றான். பின்னர், கண்ணகி அவைக்கு வந்து உடைத்தபோதன்றோ, அரசியின் சிலம்பினுள் இருப்பன முத்துக்கள், இச்சிலம்பினுள் இருந்தவை மாணிக்கங்கள் என்னும் உண்மை வெளிப்பட்டது? உடைத்துப் பார்க்கும் வேலை தீர்ப்புக்கு முன்னே நிகழ்ந்திருக்க வேண்டும். தீர்ப்புக்குப் பின்னே நிகழ்ந்தது.

விடைத்தொகுப்புகளை விற்போர் யாவரும் பொற்கொல்லர் என்று யான் கூற வரவில்லை. அவற்றுட் சில அறிஞரால் எழுதப்பட்டவை. ஆயின், பிறர் கூறிய பொருளைச் சிலம்பைத் தொடாமலே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் பாண்டியனது பழக்கமே. அப்பழக்கத்தை நாம் பதினைந்து வயதிலே ஊட்டுகின்றோம் என்பதை மறத்தலாகாது.

யாழும் பறையும்

இசையின் குறியீடுகளைப் பொறுமையுடன் ஆராய்ந்தவர்க்கு நம் நாட்டிலேயே தலைசிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்து, இக்கொழும்பு நகரிலே ஆசிரியப் பயிற்சி பெற்று, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய சுவாமி விபுலாநந்த அடிகளார், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் யாழாசிரியன் அமைதியைக் கூறும் சில அடிகளுக்குப் பொருள் காணப் பல ஆண்டுகளைச் செலவிட்டார். விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர் நரம்புகளின் நீளத்தையும் சுருதியின் அளவையும் கணித முறையால் வரையறுத்து, வழக்கிழந்துபோன பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றை நம் அகக்கண் முன் நிறுத்தினார். அவ்வாராய்ச்சியின் பயனாகிய ‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் இறைவனடி சேர்ந்தார். யாழ் என்றால் இனிமை என்று கூறிவிட்டு அவர் அமைந்திருப்பாராயின் அந்நூல் பிறந்திராது. எத்தனை நரம்பு, எந்த மரம், எவ்வளவு நீளம் என்று வினாவியமையாற்றான் பிறந்தது.

யாழுக்கு நேர்ந்தது மறதி. பறைக்கு நேர்ந்ததோ அதனினும் கொடியது. தொல்காப்பியர் யாழையும் பறையையும் கருப்பொருள் வரிசையில் ஒருங்கே வைத்தார். திணைதோறும் அததற்குரிய பறை இருந்தது. ஒரே ஊரில் ஒரு மனையிலே சாவுக்குரிய பறையும் மற்றொரு மனையிலே மணத்துக்குரிய முழவும் ஒலிப்பதைப் புறநானூற்றிலே பக்குடுக்கை நன்கணியார் காட்டுகின்றார். பறைதல் என்பதற்குச் சொல்லுதல் என்பது பொருள். யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் இன்றும் அச்சொல் அப்பொருளிலே வாழ்கின்றது. எனவே, பறை என்பது சொல்லும் கருவி. செய்தியை ஊருக்கு அறிவிக்கும் கருவி. பிற்காலத்திலே சாதி என்னும் நோய் நம் சமுதாயத்தைப் பற்றிக்கொண்டபோது, அக்கருவி இழவின் அடையாளமாகவும், அதனை முழக்குவோரை இழித்துக் கூறும் அடையாளமாகவும் ஆக்கப்பட்டது. தோலும் மரமும் மாறவில்லை. அதனைக் கேட்ட செவிகளே மாறின. அண்மைப் பத்தாண்டுகளில் தமிழகத்திலும் நம் நாட்டிலும் இளைஞர் பலர் அதே பறையைத் தன்மானத்தின் குறியீடாக மேடையேற்றி வருகின்றனர். இதனை வெறும் புதுமை வேட்கை என்று ஒதுக்குவாருளர். களவாடப்பட்ட பொருளை உரியவர் மீட்டெடுக்கும் முயற்சி இஃது என்பது என் கருத்து.

மிகைப்படக் கூறுதலும் பிழையே

குறைவுபடப் பொருள் கொள்வதைப் போலவே மிகைபடப் பொருள் கொள்வதும் நம்மிடையே மலிந்துள்ளது. ஆடவல்லான் திருவுருவத்தை இதற்கு எடுத்துக்கொள்வோம். 1877ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த கலாநிதி ஆனந்த குமாரசுவாமி, 1918ஆம் ஆண்டு வெளிவந்த தமது ‘சிவ நடனம்’ என்னும் ஆங்கில நூலினால் அவ்வுருவத்தின் உட்பொருளை உலகறியச் செய்தார். அவர் கற்பனையாக எதனையும் கூறினாரல்லர். உண்மை விளக்கம் முதலிய தமிழ்ச் சித்தாந்த நூல்கள் கூறியவாறே, உடுக்கை படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், ஏந்திய தீ அழித்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் உணர்த்தும் என விளக்கினார். உருவத்தில் இருப்பதை நூலோடும், நூலில் இருப்பதை உருவத்தோடும் ஒப்பிட்டுக் கண்ட விளக்கமாதலின் அது நிலைத்தது.

2004ஆம் ஆண்டு இந்திய அரசு ஜெனீவா நகரை அடுத்துள்ள ஐரோப்பிய அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்துக்கு இரண்டு மீற்றர் உயரமான நடராசர் திருவுருவம் ஒன்றை அன்பளிப்பாக வழங்கியது. ஓயாத ஆக்கமும் அழிவும் நிகழும் அணுத்துகளின் அசைவுக்கு அத்திருக்கூத்து நல்லதோர் உவமை என்பதே அங்குள்ளோர் கருதியது. நம்மவருட் சிலரோ, அணுவின் ஆட்டத்தை நம் முன்னோர் அன்றே அறிந்து சிலையாக வடித்தனர் என மேடைதோறும் முழங்குகின்றனர். உவமையைச் சான்றாக மாற்றுவது இலக்கியத்துக்கும் அடாது, விஞ்ஞானத்துக்கும் அடாது. சிற்பி வடித்தது இறைவனது அருட்கூத்து. அதன் பெருமைக்கு அணுக்கூடத்தின் நற்சான்றுப் பத்திரம் வேண்டியதில்லை.

பொலன்னறுவைச் சிவாலய அகழ்விற் கிடைத்த நடராசர் வெண்கலத் திருவுருவம் நமது கொழும்பு நூதனசாலையிலே இருக்கின்றது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ் வண்டியேறி ஒரு முற்பகலிற் கண்டு மீளலாம். சொற்பொழிவுகளிலே நடராச தத்துவத்தைக் கேட்ட நம் மாணவருள் எத்தனை பேர் அதன் முன் கால்மணி நேரம் நின்றிருப்பர்?

ஓர் எழுத்தின் கதை

இலக்கியத்திலும் கலையிலும் பிழைபடப் பொருள் கொண்டால் புள்ளி குறையும், சுவை குன்றும். சமுதாயத்திலே பிழைத்தால் உயிர் போகும். இதற்கு நம் நாட்டு வரலாற்றிலே ‘ஸ்ரீ’ என்னும் எழுத்து சான்று பகர்கின்றது.

ஸ்ரீ என்பதற்குத் திரு என்பது பொருள். செல்வம், பொலிவு, மங்களம் என்பனவும் அதன்பாற்படும். சிங்களவரும் தமிழரும் தத்தம் எழுத்திலே எழுதி, தத்தம் திருமுகங்களின் தலைப்பிலே பொறித்து வந்த பொதுச்சொத்து அது. 1956ஆம் ஆண்டு தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதை அடுத்து, 1957ஆம் ஆண்டு தொடக்கம் மோட்டார் வாகன இலக்கத்தகடுகளிலே சிங்கள ஸ்ரீ எழுத்துக் கட்டாயமாயிற்று. தமிழ்ப் பகுதிகளிலே அதற்கு எதிர்ப்பு மூண்டது. 1958ஆம் ஆண்டு அவ்வெழுத்தைத் தாங்கிய அரச பஸ் வண்டிகள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது, அங்கே அதனை அழித்துத் தமிழ் ஸ்ரீயை எழுதினர். தெற்கிலும் கொழும்பிலும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசினர். அவ்வாண்டு மே மாத இறுதியிலே நாடு கலவரத்தில் எரிந்தது. கலவரத்துக்குக் காரணங்கள் பல. எழுத்து ஒன்றே காரணமன்று. எனினும், சினத்துக்கு வடிவம் கொடுத்தது அவ்வெழுத்தே.

“மங்களகரமான எழுத்துத்தானே, அதனை ஏன் வெறுக்க வேண்டும்?” என்று அன்று கேட்டவர்கள் அகராதிப் பொருளை மட்டும் நோக்கினர். எழுதுபவன் யார், எவர் மீது எழுதுகின்றான், கேட்டு எழுதினானா கேளாது எழுதினானா என்பவற்றை நோக்கினாரல்லர். ஒருவன் தன் வீட்டு வாயிலில் விரும்பி எழுதும்போது திருவாகும் எழுத்து, கட்டாயத்தால் மற்றவன் வண்டியில் ஏறும்போது ஆணையாகிவிடுகின்றது. தார் பூசியவரும் அவ்வாறே, பலகையிலிருந்த எழுத்தை நோக்கினாரேயன்றி, அப்பலகையின் பின்னே பலசரக்கு விற்றுப் பிழைத்த மனிதனை நோக்கவில்லை. இன்று புதிய வாகனங்களின் இலக்கத்தகடுகளில் அவ்வெழுத்து இல்லை. அதன் பொருட்டு இழந்த உயிர்கள் மட்டும் மீளவில்லை.

செய்யத்தக்கவை

இவற்றால் நாம் பெறும் நெறி மூன்று வினாக்களில் அடங்கும். முதலாவது, பொருள் யாது? அதனைக் கண்ணாற் காண்க, காதாற் கேட்க. இரண்டாவது, அது நிற்கும் இடமும் காலமும் யாவை? மூன்றாவது, அதனைச் சொல்பவர் யார், கேட்பவர் யார்? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே, “இது இதனை உணர்த்தும்” என்று கூறும் உரிமை நமக்குப் பிறக்கின்றது.

இவ்வாறு ஒவ்வொருவரும் தாமே பொருள் காணப் புகுந்தால் மனம்போன போக்கிலே உரை மலியாதோ என்று சிலர் ஐயுறுவர். மலியாது. சான்று கேட்கும் பழக்கம் உடன் வருமாயின் உரைகள் தாமே சுருங்கும். தான் கண்ட பொருளுக்கு நூலில் எந்த அடி ஆதாரம் என்று காட்டமாட்டாதவன் தன் கருத்தை மீட்டுக்கொள்ள வேண்டியதே. பரீட்சைக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று பெற்றோர் கேட்பர். அக்கேள்வி நியாயமானது, பிள்ளையின் எதிர்காலம் அப்புள்ளிகளிலே தங்கியிருப்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். எனினும், ஒரு தவணைக்கு ஒரு செய்யுளையேனும் அட்டவணையின்றிக் கற்பிக்க நேரம் இல்லையென்பது பொருந்தாது. வினாத்தாள் தயாரிப்போரும், விடைக்கு மட்டுமன்றி விடைக்குக் காட்டிய காரணத்துக்கும் புள்ளி வழங்குவாராயின் வகுப்பறை தானே மாறும்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். விழா மண்டபங்களுக்கும் விளையாட்டுக் கிண்ணங்களுக்கும் நீங்கள் வாரி வழங்குகின்றீர்கள், அது போற்றத்தக்கதே. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வகுப்பு மாணவரை நூதனசாலைக்கும், கொச்சிக்கடையிலே இராமநாத வள்ளல் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் ஆலயத்துக்கும் அழைத்துச் செல்லும் செலவையும் ஏற்பீர்களாயின், அதனினும் பெரிய தமிழ்த்தொண்டு வேறில்லை. ஆடி மாதத்திலே செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி வேல் தேரில் எழுந்தருளும்போது, வேடிக்கை பார்க்க மட்டும் பிள்ளைகளை விடாது, முருகனது திருவுருவம் இருக்க வேலை ஏன் தேரில் ஏற்றினர் என்று அவர்களைக் கேளுங்கள். விடையை நீங்கள் கூற வேண்டா, அவர்களே தேடட்டும்.

இறுதியாக ஒன்று. கண்ணகியின் சிலம்பை மட்டக்களப்புத் தமிழர் கண்ணகை அம்மன் கோயில்களிலும், சிங்கள மக்கள் பத்தினி தேவாலயங்களிலும் இன்றும் புனிதமாகப் போற்றுகின்றனர். பத்தினிக் கோட்டத்து விழாவுக்கு இலங்கை வேந்தன் கயவாகு வந்திருந்ததைச் சிலப்பதிகாரமே கூறுகின்றது. ஸ்ரீ என்னும் எழுத்தும் இரு சாராருக்கும் பொதுவாயிருந்தது, சிலம்பும் பொதுவாயிருக்கின்றது. ஒன்று நம்மைப் பிரித்தது, மற்றொன்று பிரிக்கவில்லை. வேறுபாடு எழுத்திலும் பொன்னிலும் இல்லை. ஒன்றை ஒருவர் மற்றவர் மேல் ஏற்றினர். மற்றொன்றை இருவரும் தாமாகவே விரும்பி ஏந்தினர். இவ்வேறுபாட்டைத் தாமே கண்டு கூறவல்ல மாணவர் பத்துப்பேரை ஆண்டுதோறும் நம் கல்லூரிகள் உருவாக்குமாயின், நாம் கொண்டாடும் விழாக்களுக்கு அதுவே பொருளாகும்.